பாகுபலித் திரைப்படங்கள்: காப்பிய ஈர்ப்பும் அறக்குறைகளும்

முன்னுரை

எஸ்.எஸ். ராஜமௌலி இயக்கிய ‘பாகுபலி’யின் முதற்பகுதி 2015ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாளும், இரண்டாம் பகுதி 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாளும் வெளிவந்தன. முதற்பகுதி 63ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த திரைப்படமாகத் தேர்வுபெற்றது. தெலுங்குப் படம் ஒன்று இவ்விருதைப் பெற்றது அதுவே முதன்முறையாகும். இரண்டாம் பகுதி உலக அளவில் ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் வசூல் ஈட்டிய முதல் இந்தியத் திரைப்படம் என்னும் நிலையை எய்தியது. பிரிக்பீல்ட்ஸ் முதல் கிள்ளான் வரை கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் தமிழர் இதனை அயல்மொழிப் படமாகக் கருதவில்லை. தம் கதையாகவே ஏற்றுக்கொண்டனர். இவ்வேற்பிற்கான காரணங்களையும், அவ்வேற்பில் நாம் காணத் தவறும் குறைகளையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

இருமொழி மரபு

பாகுபலி தெலுங்கிலும் தமிழிலும் ஒருங்கே படமாக்கப்பட்டது. இந்தி, மலையாளப் பதிப்புகளே மொழிமாற்றம் செய்யப்பட்டவை. தமிழ் உரையாடல்களை மதன் கார்க்கி எழுதினார். சிவகாமியாக ரம்யா கிருஷ்ணன், கட்டப்பாவாக சத்யராஜ், பிங்கலத்தேவனாக நாசர் எனத் தமிழ் இரசிகர் நன்கறிந்த நடிகர்கள் முதன்மைப் பாத்திரங்களை ஏற்றனர். இது புதிய வழக்கமன்று. 1951இல் ‘பாதாள பைரவி’யும் 1957இல் ‘மாயா பஜா’ரும் கே.வி. ரெட்டியின் இயக்கத்தில் இவ்விரு மொழிகளிலும் உருவாயின. சென்னையில் வளர்ந்த அத்திரைப்பட மரபையே ஐதராபாத்தின் இராமோஜி திரைப்பட நகர் மீண்டும் கையிலெடுத்தது.

மலேசியச் சூழலும் இதற்குத் துணைநின்றது. தோட்டப்புறங்களில் தமிழரும் தெலுங்கரும் அடுத்தடுத்து வாழ்ந்தனர். தெலுங்குக் குடும்பங்கள் பல தமிழையே புழக்கமொழியாக ஏற்றன. 1955இல் தோன்றிய மலாயா ஆந்திர சங்கம் மலேசியத் தெலுங்குச் சங்கமாகத் தொடர்ந்து அம்மொழியைப் பேணி வருகின்றது. எனவே, இங்குத் தமிழில் பார்க்கப்படும் தெலுங்குக் கதை இரு சமூகத்தாருக்கும் பொதுவுடைமையாகிறது.

காப்பியக் கட்டமைப்பு

படத்தின் முதன்மை ஈர்ப்பு அதன் கதைக்கட்டமைப்பே. வி. விஜயேந்திர பிரசாத் அமைத்த கதையில் மகாபாரதத்தின் சாயல் வெளிப்படையாகவே உள்ளது. உடற்குறையால் அரியணை மறுக்கப்பட்ட பிங்கலத்தேவன் திருதராட்டிரனை நினைவூட்டுகிறான். அரியணைக்குக் கட்டுண்ட கட்டப்பா வீடுமரை நினைவூட்டுகிறான். பங்காளிப் பகை, காட்டில் வளரும் அரசமகன், சிறைப்பட்ட தாய், வஞ்சினம் ஆகியன நம் மக்கள் தெருக்கூத்திலும் கதாகாலட்சேபத்திலும் கேட்டுப் பழகியவை.

முதற்பகுதியின் காலகேயர் போர் இங்குக் குறிப்பிடத்தக்கது. பகைவர் சிறைபிடித்த குடிமக்களை முன்னிறுத்துகின்றனர். பல்லாளத்தேவன் அவர்களையும் வெட்டி முன்னேறுகிறான். அமரேந்திர பாகுபலி அவர்களைக் காத்த பின்னரே போரிடுகிறான். ஆகவே, பகைத்தலைவனைக் கொன்றவன் பல்லாளன் எனினும், சிவகாமி பாகுபலிக்கே அரசுரிமை அளிக்கிறாள். போருக்கு முன் ஆவும் பெண்டிரும் பிணியாளரும் அரண்சேருமாறு அறிவிக்கும் அறநெறியைப் புறநானூற்றின் ஒன்பதாம் பாடல் கூறுவதை ஆசிரியர் அறிவர். அவ்வறத்தின் எதிரொலியை இக்காட்சியில் கேட்கலாம்.

பனைமரங்களை வளைத்து வீரரைக் கோட்டைக்குள் எறியும் இறுதிப்போரை இயல்புக்கு மாறானது எனக் குறைகூறுவோர் உளர். ஆயின், போரில் ஆயிரம் யானைகளை வென்ற வீரனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொள்ளும் பரணி இலக்கியத்தைக் கற்பிக்கும் நாம் உயர்வுநவிற்சியைக் குறையெனக் கொள்ளல் பொருந்தாது. குறைகள் வேறிடத்தில் உள்ளன.

நிறமும் மொழியும்

காலகேயர் கரிய மேனியராகவும் நாகரிகமற்றவராகவும் காட்டப்படுகின்றனர். அரச குடும்பத்தார் வெளிர்நிறத்தவர். காலகேயருக்கென மதன் கார்க்கி ஏறத்தாழ 750 சொற்களும் 40 இலக்கண விதிகளும் கொண்ட ‘கிளிக்கி’ மொழியை உருவாக்கினார். இலக்கணத்தோடு அமைந்த அம்மொழி படத்தில் விலங்கொலி போலவே பயன்படுத்தப்பட்டது முரணாகும். நிறத்தைச் சுட்டிக் கேலிபேசுவது நம் மாணவரிடையே அரிதன்று. கரியவன் கொடியவன் என்னும் இணைப்பை அவர்கள் வினவாது உள்வாங்குதல் பொழுதுபோக்கின் எல்லைக்குள் அடங்குவதன்று.

சொல்லாட்சியிலும் இக்கவனம் தேவை. அருந்ததியர் சமூகத்தைக் குறிக்கும் ‘பகடை’ என்னும் சொல் தமிழ்ப் பதிப்பில் இழிவுப்பொருளில் வந்தமை 2015 ஜூலையில் தமிழ்நாட்டில் எதிர்ப்பைக் கிளப்பியது. மதுரையில் திரையரங்கு ஒன்றின்மீது பெட்ரோல் குண்டுகள் வீசப்பட்டன. வன்முறை ஏற்கத்தக்கதன்று. எனினும், ஒரு சொல்லின் சமூக வரலாற்றை அறியாது அதனை ஆள்வது எத்துணைத் தீங்கு பயக்கும் என்பதற்கு இந்நிகழ்வு சான்றாகும்.

பெண்ணும் அடிமையும்

சிவகாமியும் தேவசேனையும் ஆற்றல்மிக்க பாத்திரங்கள். ஆனால், முதற்பகுதியில் போராளியாக அறிமுகமாகும் அவந்திகையின் போருடையை நாயகன் அவளது இசைவின்றிக் களைந்து, மையும் சாந்தும் இட்டு, அவளைக் ‘பெண்ணாக்கு’கிறான். அவள் மேற்கொண்ட பணியும் அவன் கைக்கு மாறுகிறது. இரண்டாம் பகுதியில் அவள் ஏறத்தாழ மறைந்தே போகிறாள்.

கட்டப்பா முன்னோர் செய்த சூளுறவால் அடிமையானவன். தளையினின்று விடுபட அயல்நாட்டு வணிகன் அஸ்லாம் கான் வழிகாட்டும்போதும் மறுக்கிறான். அந்த அடிமைநிலையை வினவாத படம் அதனையே விசுவாசமெனப் போற்றுகிறது. சஞ்சிக்கூலிகளாகவும் கங்காணி முறையிலும் கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்களாகிய நாம் அப்போற்றுதலைக் கண்டு கைதட்டுமுன் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஆராயாத ஆணை

கட்டப்பா பாகுபலியைக் கொன்றதன் காரணம் ஈராண்டுக்காலம் பேசுபொருளாயிற்று. விடை எளியது: சிவகாமி தீர ஆராயாது ஆணையிட்டாள். சிலப்பதிகாரத்திலும் கதையின் திருப்பம் பாண்டியன் ஆராயாது இட்ட ஆணையே. உண்மை தெரிந்தபின் இருவரும் வருந்தி உயிர்துறக்கின்றனர். ஆயின், வேறுபாடு பெரிது. சிலம்பில் வணிகர் குடிப்பெண் அரசவை ஏறிச் சான்றுகாட்டி வழக்குரைக்கிறாள். அரியணையே வினாவிற்கு உள்ளாகிறது. பாகுபலியில் குடிமக்கள் வாழ்த்தொலி மட்டுமே எழுப்புகின்றனர். தீயவன் அமர்ந்த அரியணையில் நல்லவன் அமர்வதோடு கதை நிறைவுறுகிறது. அந்நல்லவனும் தந்தையின் முகச்சாயலாலும் குருதியாலுமே அரசனாகிறான். அவனை வளர்த்த மலைவாழ் மக்களுக்கு அவ்வரசில் இடமில்லை.

முடிவுரை

இக்குறைகளைக் காட்டி மாணவரை அப்படத்தினின்று விலக்குதல் பயன்தராது. சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையைக் கற்பிக்கும் ஆசிரியர், சிவகாமியின் ஆணையையும் பாண்டியனின் ஆணையையும் அருகருகே வைத்து, “யார் கேள்வி கேட்டார்? யாருக்குக் கேட்கும் உரிமை இருந்தது?” என வினவலாம். மாணவர் முன்பே அறிந்த கதை அறியாத காப்பியத்திற்கு வாயிலாகும். பிரம்மாண்டத்தைச் சுவைக்க அவர்களுக்கு நம் உதவி வேண்டியதில்லை. அதனை வினவக் கற்பிப்பதே நம் பணியாகும்.