அழித்த செய்தி எங்கே போகிறது?

வாட்ஸ்அப்பில் அனுப்பும் செய்தி, அனுப்புபவரின் கைபேசியிலேயே பூட்டப்பட்டு, பெறுபவரின் கைபேசியில்தான் திறக்கிறது. முனைக்கு முனை மறையாக்கம் எனப்படும் இந்த ஏற்பாடு 2016 ஏப்ரலில் அதன் பயனர்கள் எல்லோருக்கும் வந்தது. மாக்சி மார்லின்ஸ்பைக்கும் டிரெவர் பெரினும் வகுத்த சிக்னல் நெறிமுறையே இதன் அடிப்படை. அதற்கும் அடியில் இருப்பது 1976இல் டிஃபியும் ஹெல்மனும் வெளியிட்ட கணித உத்தி: முன்பின் பழகாத இருவர், ஊரறிய எண்களைப் பரிமாறிக்கொண்டே, தங்களுக்கு மட்டும் தெரிந்த சாவி ஒன்றை உண்டாக்கிக்கொள்ளலாம்.

சிக்னல் நெறிமுறை ஒரே சாவியோடு நின்றுவிடாததுதான் அதன் உண்மையான அழகு. ஒவ்வொரு செய்திக்கும் புதுச் சாவி பிறக்கிறது. வேலை முடிந்ததும் அழிக்கப்படுகிறது. பழைய சாவியிலிருந்து அடுத்ததைக் கணக்கிடலாம்; அடுத்ததிலிருந்து பழையதைக் கணக்கிட வழியில்லை. அதனால் இன்று சாவியைத் திருடியவர், நேற்று வழியில் பிடித்துவைத்த செய்தியைத் திறக்க முடியாது. இருவரும் மாறி மாறிப் பேசப் பேசப் புதிய எண்கள் கலந்துகொண்டே இருப்பதால், திருடிய சாவியும் சீக்கிரமே உதவாமல் போகும்.

இத்தனை காவலும் வழிப்பயணத்துக்கு மட்டுமே. போய்ச் சேர்ந்த செய்தி கைபேசியின் தரவுத்தளத்தில் தங்குகிறது. அதை அழித்தால், பெரும்பாலும் அந்த இடம் காலி என்று குறிக்கப்படுகிறதே தவிர எழுத்துகள் உடனே மறைவதில்லை. வேறு தரவு மேலே எழுதப்படும்வரை கிடக்கின்றன. அழித்த உரையாடலைத் தடயவியல் ஆய்வாளர்கள் சில வேளை மீட்டெடுப்பது இப்படித்தான். வாட்ஸ்அப்பில் எல்லோருக்குமாக நீக்கும் வசதி சுமார் இரண்டரை நாள் வரை உண்டு. ஆனால் அதற்குள் எடுக்கப்பட்ட ஸ்கிரீன்ஷாட்டை அது தொடாது.

காப்புநகல் இன்னொரு வாசல். கூகுள் டிரைவிலும் ஐகிளவுடிலும் சேரும் நகலையும் பூட்டும் வசதியை வாட்ஸ்அப் 2021இல் தந்தது. ஆனால் பயனரே அதை இயக்க வேண்டும் என்று விட்டது பெருங்குறை. டெலிகிராமின் சாதாரண உரையாடல்களோ நிறுவனத்தின் சேவையகங்களிலேயே இருக்கின்றன. அங்கே ரகசிய உரையாடலுக்கு மட்டுமே முனைக்கு முனைப் பூட்டு.

யார் யாரோடு, எப்போது பேசினார் என்ற விவரத்தை மறையாக்கம் மூடுவதில்லை. அதை எவ்வளவு சேமிப்பது என்பது நிறுவனத்தின் முடிவு. 2016இல் அமெரிக்காவில் நீதிமன்ற ஆணை வந்தபோது சிக்னல் செயலியின் நிறுவனத்திடம் கொடுக்க இருந்தவை இரண்டே விவரங்கள்: கணக்கு தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த நாள்.