பழைய காருக்குப் புதிய டயர்

மோட்டார் வண்டியைப் பற்றிப் பேசப் புகுந்தால் அதன் எஞ்சினைப் பற்றியே முதலில் கேட்கிறோம். பின்னர் வண்ணம், இருக்கை, விளக்கு என்று கண்ணுக்கினிய உறுப்புகளைப் பாராட்டுகிறோம். தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் உறுப்பைப் பற்றிக் கேட்பவர் அரியர். ஆயினும் ஓடுதல், திரும்புதல், நிற்றல் ஆகிய மூன்று தொழில்களும் நான்கு டயர்களின் வழியாகவே நிகழ்கின்றன. பழைய சொகுசுக் காருக்கு இதமும் பொருத்தமும் உடைய புதிய டயரைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதே இன்று நாம் ஆராயப்போகும் பொருள்.

“இது கார் வைத்திருப்போர்க்குரிய பேச்சு, மாணவராகிய எமக்கு எதற்கு?” என்று நீங்கள் கேட்கலாம். இதில் பெருக்கலும் விகிதமும் உண்டு. இயற்பியலும் வேதியியலும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, வெளித்தோற்றத்தில் மயங்காமல் எழுத்தைப் படித்து முடிவு செய்யும் பழக்கம் உண்டு. அப்பழக்கம் கார் இல்லாதவருக்கும் வேண்டுவதே.

முதலில் ஓர் எளிய கேள்வி. வண்டியின் பாரத்தைத் தாங்குவது எது? ரப்பர் என்பீர்கள். பெரும்பகுதியைத் தாங்குவது ரப்பர் அன்று. அதனுள் அடைபட்டுள்ள காற்றே. 1,400 கிலோ எடையுள்ள ஒரு கார் நான்கு சக்கரங்களில் நிற்கிறது என்று கொள்வோம். ஒரு சக்கரத்தின் பங்கு 350 கிலோ. டயரிலுள்ள காற்றின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.1 கிலோ என்றால், டயர் தரையைத் தொடும் பரப்பு எவ்வளவு? 350ஐ 2.1ஆல் வகுத்தால் சுமார் 167 சதுர சென்டிமீட்டர். அஃதாவது, நம் கை ஒன்றின் அளவுதான். காரும் அதனுள் இருக்கும் உயிர்களும் நான்கு கைகளின் அளவுள்ள இடத்தை நம்பியே விரைகின்றன.

காற்றை இவ்வாறு வேலை வாங்கலாம் என்று கண்டவர் ஸ்காட்லாந்து நாட்டவரான ராபர்ட் வில்லியம் தாம்சன். அவர் 1845ஆம் ஆண்டிலேயே காற்றடைத்த சக்கரத்திற்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் உலகம் அதை மறந்துவிட்டது. பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனுடைய மூன்று சக்கர வண்டி அதிராமல் ஓடவேண்டும் என்று முயன்று, 1887ஆம் ஆண்டில் மீண்டும் அதே கருத்தை அடைந்தார். டயரின் பிறப்புக்கே இதம்தான் காரணம் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

இனி ஓர் உண்மையான வண்டியை எடுத்துக்கொள்வோம். மெர்சிடிஸ்-பென்ஸ் நிறுவனத்தின் டபிள்யூ 124 என்னும் வகை 1984ஆம் ஆண்டின் இறுதியில் ஜெர்மனியில் வெளிவந்தது. 1995 முதல் நம் நாட்டிலேயே புனே நகரிலும் அது உருவாக்கப்பட்டது. என்னிடம் பயின்ற மாணவர் ஒருவருக்கு, 1996இல் செய்யப்பட்ட அவ்வகைக் கார் ஒன்று தந்தையார் வழியாக வந்து சேர்ந்தது. தந்தையார் காலமான பின் அது பெரும்பாலும் கொட்டகையிலேயே நின்றது. 2023ஆம் ஆண்டில், முதுகு நோயால் வருந்திய தம் தாயாரைத் திருச்சியிலிருந்து சென்னைக்குச் சிகிச்சைக்காக அதில் அழைத்துச் செல்ல அவர் விரும்பினார். புறப்படுமுன் என்னிடம் இரண்டு ஐயங்களைக் கொண்டுவந்தார்.

“ஐயா, டயர்களில் பட்டன் நிறைய இருக்கிறது, மாற்றவேண்டுமா?” என்பது முதல் ஐயம். “மாற்றுவதானால், 17 அங்குல ரிம்மும் அகன்ற டயரும் போட்டால் வண்டி கம்பீரமாக இருக்கும் என்று கடைக்காரர் சொல்கிறார், போடலாமா?” என்பது இரண்டாவது.

“தம்பி, டயரே விடை சொல்லும், அதன் பக்கத்தைப் படித்துப் பார்ப்போம்” என்றேன்.

டயரின் பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்னும் எழுத்துகளோடு தொடங்கும் ஒரு வரிசை இருக்கும். அதன் முடிவில் உள்ள நான்கு இலக்கங்கள் அது பிறந்த வாரத்தையும் ஆண்டையும் காட்டும். 2000ஆம் ஆண்டு முதல் இந்நான்கு இலக்க முறை வழக்கில் உள்ளது. அவருடைய டயர்களில் 2312 என்றிருந்தது. 2012ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் என்பது பொருள். ஆக, டயர்களின் வயது பதினொன்று! விரலால் அழுத்தி வளைத்தபோது பட்டன்களின் அடியிலும் பக்கச்சுவரிலும் மயிரிழை போன்ற வெடிப்புகள் தெரிந்தன.

ஓடாத டயர் எவ்வாறு கெடும்? இங்கேதான் வேதியியல் துணைக்கு வருகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் ரப்பரை மெல்ல மெல்லத் தாக்குகின்றன. அதைத் தடுக்கும் காப்புப்பொருள்களை ரப்பரோடு கலந்தே டயரைச் செய்கிறார்கள். டயர் ஓடி வளைந்து நிமிரும்போது அப்பொருள்கள் உள்ளிருந்து மேற்பரப்புக்கு வருகின்றன. நின்றுகொண்டே இருக்கும் டயருக்கு அவ்வசதி குறைவு. ஆகவே, தேய்மானம் என்பது வேறு. முதுமை என்பது வேறு. பட்டன் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டர் அளவுக்குக் குறைந்தால் டயர் தேய்ந்துவிட்டது; பள்ளத்தினுள் உள்ள சிறு மேடுகள் அதைக் காட்டிக்கொடுக்கும். முதுமையையோ தேதிதான் காட்டும். ஆறு ஆண்டுகளுக்குமேல் டயரை வைத்திருக்கவேண்டாம் என்று கார் செய்வோர் பலரும், பத்து ஆண்டுகளே இறுதி எல்லை என்று டயர் செய்வோர் பலரும் கூறுகின்றனர். வேனிற்காலத்து நெடுஞ்சாலையில், நூறு கிலோமீட்டர் வேகத்தில் முதிர்ந்த டயர் ஒன்று வெடித்தால் என்ன நேரும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. முதல் ஐயம் இவ்வாறு தீர்ந்தது.

இரண்டாவது ஐயத்திற்குக் கணக்கு வேண்டியிருந்தது. அந்தக் காருக்குரிய டயரில் 195/65 ஆர் 15 என்று எழுதியிருக்கும். 195 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பது. ஆர் என்பது ரேடியல் அமைப்பைக் குறிக்கும். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 195இல் நூற்றுக்கு 65 பங்கு 126.75 மில்லிமீட்டர். மேலும் கீழுமாக இரண்டு பக்கச்சுவர்கள் உள்ளமையால் 253.5. ரிம்மின் விட்டம் 381. கூட்டினால் சக்கரத்தின் முழு விட்டம் 634.5 மில்லிமீட்டர்.

கடைக்காரர் சொன்ன டயர் 225/45 ஆர் 17. அதையும் அவ்வாறே கணக்கிட்டோம். பக்கச்சுவர் 101.25, இரண்டுக்கும் 202.5, ரிம் 431.8, மொத்தம் 634.3. வியப்பாக இல்லையா? முழு விட்டத்தில் வேறுபாடு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. வேகமானி பிழையாகக் காட்டாது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஆனால் பக்கச்சுவரின் உயரம் 25.5 மில்லிமீட்டர், ஏறத்தாழ ஓர் அங்குலம், குறைந்துவிட்டது. அந்த ஓர் அங்குலம் எங்கே போயிற்று? இரும்பாகவோ அலுமினியமாகவோ மாறிவிட்டது! சக்கரம் பள்ளத்தில் விழும்போது வளைந்துகொடுத்து அதிர்ச்சியை ஏற்பது காற்றும் பக்கச்சுவருமே, ரிம் வளையாது. பந்தய வண்டிக்கு வளையாத சுவர் நல்லது. திருப்பத்தில் உறுதி தரும். முதுகு நோயாளிக்கோ வளையும் சுவரே மருந்து. மேலும், அந்தக் காரின் வில்சுருள்களையும் அதிர்வுதாங்கிகளையும் அமைத்த பொறியாளர்கள் 126 மில்லிமீட்டர் சுவரை மனத்தில் கொண்டே அமைத்தனர். செருப்புக்கு ஏற்றபடி காலைத் தறிப்பது அறிவுடைமை ஆகாது.

அளவு ஒன்றாக இருந்தால் போதுமா? போதாது. அதன் அருகில் 91 வி என்பதுபோல் ஓர் எண்ணும் எழுத்தும் இருக்கும. 91 என்பது ஒரு டயர் 615 கிலோ தாங்கும் என்பதற்குரிய குறியீடு. வி என்பது மணிக்கு 240 கிலோமீட்டர் வரையிலும், எச் என்பது 210 வரையிலும் தாங்கும் என்பதைக் குறிக்கும். காருக்கு விதித்ததைவிடக் குறைந்த குறியீடு கூடாது. விலை குறைவு என்பதற்காக அதில் சமரசம் செய்துகொள்வோர் உயிரைத் தராசில் வைக்கின்றனர்.

ஒரே அளவில் பல வகை டயர்கள் விற்பனைக்கு இருக்கும்போது இதமானதை எவ்வாறு அறிவது? நெடுந்தொலைவுப் பயணத்திற்கென்று செய்யப்பட்ட வகையைக் கேட்கவேண்டும். விரைவோட்டத்திற்கென்று செய்யப்பட்ட வகை பொதுவாக இறுக்கமாக இருக்கும். பட்டன்களின் அளவு எல்லாம் ஒன்றுபோல் இல்லாமல் சிறிதும் பெரிதுமாக மாறி மாறி அமைந்திருப்பதைப் பாருங்கள். ஒரே அளவாக இருந்தால் அவை தரையில் மோதும் ஓசைகள் ஒரே சுருதியில் சேர்ந்து ரீங்காரமாகும். அளவு மாறுபட்டால் ஓசை பல சுருதிகளாகச் சிதறி மெலிந்துவிடும். மிக நெடுங்காலம் உழைக்கும் என்று புகழப்படும் டயரின் ரப்பர் பெரும்பாலும் கடினமாக இருக்கும். ஈரச் சாலையில் பிடிப்பும் இதமும் ஓரளவு குறையலாம். ஆண்டுக்கு மூவாயிரம் கிலோமீட்டர் மட்டும் ஓடும் பழைய காருக்கு எண்பதாயிரம் கிலோமீட்டர் உழைக்கும் டயர் எதற்கு? அது தேய்வதற்கு முன் மூப்படைந்துவிடும்.

வாங்கும்போதும் தேதியைப் படியுங்கள்; கடையிலேயே நெடுநாள் கிடந்த டயர் புதியது அன்று. நான்கும் ஒரே வகையாக இருப்பது சிறப்பு. கைப்பொருள் இரண்டுக்கே போதுமாயின், புதியவற்றைப் பின்சக்கரங்களில் பூட்டவேண்டும். முன்சக்கரம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்து மீளலாம். பின்சக்கரம் வழுக்கினால் வண்டியே சுழன்றுவிடும். காற்றடைக்கும் வால்வையும் உடன் மாற்றுக. சக்கரங்களை பேலன்சிங் செய்து, அலைன்மென்டும் பார்க்கச் செய்க. பழைய காரில் அச்சுகளைத் தாங்கும் ரப்பர்ப் புதர்கள் நைந்திருந்தால், எத்துணை உயர்ந்த டயரும் இதம் தராது. குற்றம் வேறிடத்தில் இருக்கப் பழி டயருக்கு வரும்.

இறுதியாகக் காற்று. எவ்வளவு அடைக்கவேண்டும் என்பதை டயரிலன்று, காரிலேயே ஒட்டியுள்ள அட்டவணையில் படியுங்கள். டயரில் எழுதியிருப்பது அது தாங்கும் உச்ச அளவு. ஓடிச் சூடேறுமுன் அளந்தால்தான் கணக்குச் சரியாகும். மென்மை கிடைக்கும் என்று காற்றைக் குறைத்து ஓட்டுவது கேடு. சுவர் மிகுதியாக வளைந்து உள்ளே வெப்பம் ஏறி நூலிழைகள் அற்றுப்போகும். பெட்டிக்குள் ஒளிந்திருக்கும் ஸ்டெப்னியையும் மறவாதீர்கள். வேல்ஸ் நாட்டு லனெல்லி என்னும் ஊரின் ஸ்டெப்னித் தெருவில், 1904ஆம் ஆண்டளவில் மாற்றுச் சக்கரம் செய்யத் தொடங்கிய சகோதரர்களால் வந்த பெயர் அது. தெருவின் பெயரை நாம் காத்து வருகிறோம், சக்கரத்தைத்தான் காப்பதில்லை. பெரும்பாலான கார்களில் மிக முதிய டயர் அதுவே.

என் மாணவர் உரிய அளவிலேயே நான்கு டயர்களும் ஒரு ஸ்டெப்னியும் வாங்கினார். ரிம்முக்கென்று ஒதுக்கிய பணத்தில் நைந்த புதர்களை மாற்றினார். தாயார் வழியில் ஓரிடத்திலும் வண்டியை நிறுத்தச் சொல்லாமல் சென்னை சேர்ந்தார்.

மாணவர்களே, வண்டியின் பெருமை அதன் பளபளப்பில் இல்லை. ஏறியமர்ந்தவரை நோகாமல் கொண்டுசேர்ப்பதில் இருக்கிறது. அந்தப் பெருமைக்கு வேண்டிய செய்தி முழுவதும் டயரின் கரிய பக்கத்தில் அச்சிடப்பட்டே இருக்கிறது. குனிந்து படிப்பவர் வேண்டும். அடுத்த முறை ஒரு கார் அருகே நிற்கும்போது, அது எவருடையதாயினும் சரி, அந்த எண்களைப் படித்து விட்டத்தைக் கணக்கிடுங்கள். பிறந்த வாரத்தைக் கண்டுபிடியுங்கள். அதன் வயது பத்தைக் கடந்திருந்தால் உரியவரிடம் பணிவோடு சொல்லுங்கள். நீங்கள் கற்ற கணக்கு ஒரு குடும்பத்தைக் காத்ததாகவும் முடியும்.