விழுங்கியும் செரிக்காத அணுக்கள்

1954-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் நாள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், டாக்டர் ஜோசப் மரே என்பவர் ரொனால்டு ஹெரிக்கின் சிறுநீரகம் ஒன்றை அவருடைய சகோதரர் ரிச்சர்டுக்குப் பொருத்தினார். இருவரும் உருவொத்த இரட்டையர். எனவே ரிச்சர்டின் உடல் அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் எல்லோருக்கும் இரட்டைப் பிறவி வாய்ப்பதில்லையே! பிறருடைய சிறுநீரகத்தைப் பொருத்தினால், இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் அதைப் பகையென எண்ணித் தாக்கும். 1962-இல் அசதயோபிரின் என்னும் மருந்தால் அத்தாக்குதலை அடக்கி, இறந்த ஒருவரின் சிறுநீரகத்தையும் மரே வெற்றியுடன் பொருத்தினார்.

காவற்காரனைக் கட்டிப்போட்டால் வீட்டுக்காரர் மட்டுமா மகிழ்வார்? கள்வனும் மகிழ்வான் அல்லவா! அப்படி நேரும் அரியதோர் அழற்சி நோய்தான் மாலகோபிளேக்கியா. உடலின் எதிர்ப்பாற்றல் குறைந்த மற்றவர்களுக்கும் இது வருவதுண்டு.

நமது குடலில் ஈ. கோலி என்ற பாக்டீரியா சாதுவாக வாழ்கிறது. அது சிறுநீர்ப் பாதையில் புகுந்தால் தொல்லைதான். உடனே விழுங்கணுக்கள் ஓடிவந்து அதை விழுங்கிச் செரித்துவிடும். இந்நோயிலோ விழுங்குகின்றன, ஆனால் செரிக்க முடிவதில்லை! அரைகுறையாய்ச் செரித்த மிச்சத்தின் மேல் சுண்ணாம்புச் சத்தும் இரும்பும் படிந்து உருண்டைகள் உண்டாகின்றன. சாயமேற்றிய திசுவை நுண்ணோக்கியில் பார்த்தால் அவை ஆந்தையின் கண்போல் வட்டத்துக்குள் வட்டமாகத் தெரியுமாம். 1902-இல் இவற்றை விவரித்த மைக்கேலிஸ், குட்மன் ஆகிய இருவரின் பெயரே அவற்றுக்கு வழங்குகிறது. மறு ஆண்டு ஹான்சமன் என்பவர் நோய்க்குப் பெயரிட்டார். கிரேக்க மொழியில் ‘மென்மையான தகடு’ என்று பொருள்.

செரிக்க மாட்டாத அணுக்கள் கூட்டங்கூட்டமாய்ச் சேர்ந்து, மஞ்சள் நிறத் திட்டுகளாகச் சிறுநீர்ப்பையிலும், சில வேளைகளில் புதிய சிறுநீரகத்திலுமே படர்கின்றன. படத்தில் பார்த்தால் புற்றுநோய்க் கட்டி போலத் தோன்றி நோயாளியைக் கலங்க வைக்கும். சிறு துணுக்குத் திசுவை எடுத்துச் சோதித்த பின்னரே, புற்று அல்ல என்று உறுதியாகச் சொல்ல முடியும். எத்தனை ஆறுதல் அது!

சிகிச்சைக்குச் சாதாரண கிருமிக்கொல்லி போதாது. கிருமி ஒளிந்திருப்பது அணுவின் உள்ளே. அதனால் அணுவுக்குள் நுழையவல்ல சிப்ரோபிளாக்சசின் போன்ற மருந்தை வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் கொடுக்கிறார்கள். அத்துடன் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தின் அளவையும் குறைக்கிறார்கள். இங்கேதான் சிக்கல்! குறைக்காவிட்டால் நோய் தீராது. மிகவும் குறைத்தாலோ, அரும்பாடுபட்டுப் பெற்ற சிறுநீரகத்தை உடலே தாக்கத் தொடங்கும். ஆகவே மருத்துவர் அளவைச் சிறிது சிறிதாக இறக்கி, அடிக்கடி இரத்தத்தைச் சோதிக்கிறார். கிரியேட்டினின் ஏறினால், காரணம் நோயா, உடலின் தாக்குதலா என்று மீண்டும் ஆராய வேண்டியிருக்கும்.