மெத்தென்ற ஆசனம் சுகமான ஆசனமா?

2022ஆம் ஆண்டில் பெற்றோலுக்காக நாடெங்கும் மக்கள் வரிசையிற் காத்துக் கிடந்தபோது, நாமும் கொட்டிலில் தூசி படிந்து கிடந்த துவிச்சக்கர வண்டியை வெளியே எடுத்தோம். சங்கிலிக்கு எண்ணெயிட்டோம், சில்லுகளுக்குக் காற்றடித்தோம். ஆசனத்தைப் பற்றி மாத்திரம் சிந்திக்கவில்லை. அரை மணி நேரம் ஓடியதும் அது தானாகவே சிந்திக்க வைத்துவிட்டது.

மறுநாள் கடைக்குச் சென்று, அங்கிருந்த ஆசனங்களையெல்லாம் பெருவிரலால் அமுக்கிப் பார்த்து, மிகவும் மெத்தென்றிருந்ததை வாங்கி வந்தோம். முதல் ஐந்து நிமிடம் சுகமே. பின்னரோ தொடையிடுக்கு விறைத்துப் போயிற்று.

காரணம் இதுதான். நாம் அமரும்போது உடற்பாரத்தைத் தாங்க வேண்டியவை இடுப்பெலும்பின் அடியிலுள்ள இரு முனைகள். வாங்கில் அமர்ந்து உள்ளங்கைகளைக் கீழே வைத்தால் அவற்றை உணரலாம். மிக மென்மையான மெத்தையில் அம்முனைகள் புதைய, நடுப்பகுதி மேலெழுந்து, நரம்புகளும் இரத்தக் குழாய்களும் ஓடும் இடத்தை அழுத்துகிறது. விறைப்பு அதன் எச்சரிக்கை. பழகிவிடும் என்று பொறுத்திருக்கத் தக்கதன்று. பிள்ளைகள் வெட்கத்தால் இதனை வீட்டிற் சொல்லாதிருப்பதுமுண்டு. பெற்றோர் தாமே கேட்டறிதல் நன்று.

ஆதலால் முதலில் அறிய வேண்டியது அகலம். நெளிமட்டைத் துண்டொன்றை வாங்கின்மேல் வைத்து, சற்று முன்சாய்ந்து அமர்ந்து எழுந்தால் இரு பள்ளங்கள் தெரியும். அவற்றின் நடுப்புள்ளிகளுக்கு இடைப்பட்ட தூரம் பெரும்பாலோருக்கு 10 முதல் 15 சென்ரிமீற்றர் வரை இருக்கும். ஆசனத்தின் பின்பகுதி அதனினும் இரண்டு சென்ரிமீற்றராவது அகன்றிருத்தல் வேண்டும். பெண்களுக்கு இத்தூரம் சராசரியாகச் சற்று அதிகம். தந்தையின் சைக்கிள் ஆசனம் மகளுக்குப் பொருந்தாமற் போனால் வியப்பில்லை. நிமிர்ந்து ஓட்டும் வண்டிக்கு அகன்ற, சுருள்வில் பூட்டிய ஆசனம் தகும். குனிந்து ஓட்டும் பந்தய வண்டிக்கு ஒடுங்கியதே ஏற்றது.

தோல் ஆசனத்தின் கதை வேறு. இங்கிலாந்தின் பேர்மிங்ஹாமில் 1866இல் தொடங்கிய புறூக்ஸ் நிறுவனத்தின் ஆசனங்களைப் பழைய சைக்கிள் பிரியர்கள் அறிவர். இரும்புச் சட்டத்தின் மேல் இழுத்துக் கட்டிய தடித்த தோல், மெத்தை எதுவுமில்லை. முதலிற் கல்லைப் போலிருக்கும். பல நூறு கிலோமீற்றர் ஓடிய பின் உரியவரின் உடலுக்கேற்பப் பதிந்துவிடும். பாட்டனாரின் ஆசனம் பாட்டனாருக்கே பதிந்தது என்பதைப் பேரர்கள் மறந்துவிடுகிறார்கள்! மழையில் நனைந்த தோலில் அமர்ந்தால் அது தொய்ந்துவிடும். ஒரு பொலித்தீன் உறை போதும், காப்பாற்றலாம்.

புதிதாக வாங்குமுன் உள்ளதைச் சரிசெய்து பாருங்கள். சுவரிற் சாய்ந்து ஆசனத்தில் அமர்ந்து, தாழ்ந்திருக்கும் மிதியின்மேல் குதிக்காலை வைத்தால் முழங்கால் மடங்காது நீண்டிருக்க வேண்டும். ஆசனம் இதனினும் தாழ்ந்திருப்பின் கால்கள் பாரத்தைத் தாங்கா. முழுவதும் ஆசனத்திலேயே இறங்கும். மேற்புறம் ஏறக்குறைய மட்டமாக இருக்கட்டும். மூக்கு மேல் நோக்கினால் விறைப்பு வரும். மிகவும் கீழ் நோக்கினால் கைகள் நோகும்.

எமது பழைய ஆசனம் ஒரு அங்குலம் தாழ்ந்திருந்தது. அதனையே மீண்டும் பூட்டி, உயர்த்தி ஓட்டுகிறோம். காசு கொடுத்து வாங்கிய மெத்தை ஆசனத்தில் இப்போது பூனை உறங்குகிறது.