வீட்டுப் பட்டறைக்கு எந்த லேத்?

கடைக்குப் பின்கட்டில் சிறு பட்டறை போட எண்ணும் அங்கத்தினர்கள் நம்மிடம் கேட்பது, சீன லேத்தா, உள்நாட்டு லேத்தா என்பதே.

சீன மினி லேத் சுமார் 40 கிலோ. மேசைமேல் அடங்கும், வீட்டு சிங்கிள் பேஸ் மின்சாரம் போதும். பித்தளை, அலுமினியச் சிறு வேலைக்கு நல்லதுதான். ஆனால் பல மாடல்களில் உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம்; இரும்பை ஆழமாகக் கடைந்தால் பல் உடையும். வேகக் கட்டுப்பாட்டு போர்டு பழுதானால், மாற்று வரும்வரை போட்ட முதல் முடங்கும்.

பட்டாலா, ராஜ்கோட் லேத்துகள் கனத்த வார்ப்பிரும்பு, அதிர்வு குறைவு. பல்சக்கரம் தேய்ந்தால் கோவையில் வெட்டி வாங்கலாம். இரும்பு வேலைக்கு நம் ஓட்டு இதற்கே. தரம் மட்டும் ஒன்றுபோல் இராது. பாக்கித் தொகை கொடுக்குமுன் ஸ்பிண்டில் வாயில் டயல் கேஜ் வைத்துக் கையால் சுற்றுங்கள். முள் ஆடினால் வேண்டாம். மோட்டார் சிங்கிள் பேஸா என்றும் கேளுங்கள்.

எதை வாங்கினாலும், கடலூர் உப்புக்காற்றுக்கு தினமும் பெட்டில் எண்ணெய் தடவ வேண்டும்.