நெற்சுணையும் நாடமைசினும்

1994 ஜனவரி முதல் மார்ச் வரையிலான மூன்று மாதங்களில், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கருவிழிப் புண்ணோடு வந்து சேர்ந்தவர்கள் 434 பேர். தை அறுவடை முடிந்து களத்துமேடுகளில் கதிரடிப்பும் தூற்றலும் நடக்கிற மாதங்கள் அவை. வந்தவர்களில் பாதிக்கு மேல் விவசாய வேலை செய்கிறவர்கள். மூன்றில் இரண்டு பேருக்குப் புண் வருவதற்கு முன் கண்ணில் ஏதோ பட்டிருந்தது. டாக்டர் எம். ஸ்ரீனிவாசனும் அவருடைய குழுவினரும் ஒவ்வொரு புண்ணிலிருந்தும் சுரண்டி எடுத்து வளர்த்துப் பார்த்தார்கள். கிருமி வளர்ந்த 297 பேரில் ஏறக்குறைய சரிபாதிப் பேருக்கு பாக்டீரியா. மீதிப் பாதிக்குப் பூஞ்சை.

அமெரிக்காவில் இந்தக் கணக்கைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். அங்கே கருவிழிப் புண் என்றால் பெரும்பாலும் கான்டாக்ட் லென்ஸ், பெரும்பாலும் பாக்டீரியா. மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருவதாக 1996இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. மின்னசோட்டா மாநிலத்தின் ஓம்ஸ்டட் கவுண்டியில் இதே எண் 11தான்.

பூஞ்சைகளில் இங்கே முதலிடம் ஃபியூசேரியத்துக்கு, அடுத்தது ஆஸ்பர்ஜில்லஸ். இரண்டும் வயல் மண்ணிலும் மட்கும் வைக்கோலிலும் சும்மா கிடப்பவை. காயம்படாத கருவிழிக்குள் நுழைய அவற்றுக்குத் திராணி கிடையாது. நெல்லின் சுணையோ, கருவேல முள்ளோ, மாடு வீசிய வாலோ மேல்தோலைக் கீறிவிட்டால் போதும், கீறிய பொருளோடு சேர்ந்தே உள்ளே போய்விடும். பிறகு சில நாட்களுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. லேசான உறுத்தல், சிவப்பு, கொஞ்சம் நீர் வடிதல். ‘தூசி விழுந்திருக்கும்’ என்று தாய்ப்பால் விடுவது, விளக்கெண்ணெய் விடுவது, கண்ணுக்குள் கிடப்பதை நாக்கால் எடுத்துவிடுவது என்று வீட்டு வைத்தியம் நடக்கும் நாட்கள் இவைதான். அதற்குள் பூஞ்சை இழை இழையாகக் கருவிழியின் அடுக்குகளுக்குள் இறங்கியிருக்கும். ஆறினாலும் தழும்பு நிற்கும். ‘கண்ணில் பூ விழுந்துவிட்டது’ என்று ஊரில் சொல்வது பல சமயம் இந்தத் தழும்பைத்தான்.

இந்தப் புண்ணுக்கு முதன்மை மருந்தாக இருந்தது ஒன்றே ஒன்று. தென்னாப்பிரிக்காவின் நட்டால் பகுதியில் எடுத்த மண்ணில் வாழ்ந்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற நுண்ணுயிரியிலிருந்து 1950களில் நெதர்லாந்துக்காரர்கள் பிரித்தெடுத்த நாடமைசின். பாலாடைக்கட்டியின் மேல்தோலில் பூசணம் பிடிக்காமலிருக்கப் பூசுவதும் இதே பொருள்தான். 1978இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதைக் கண்சொட்டு மருந்தாக அனுமதித்தது. பூஞ்சைக்கென்று அந்த அமைப்பின் அனுமதி பெற்ற கண்சொட்டு அதற்குப் பிறகு வேறெதுவும் வரவில்லை.

நாடமைசினிடம் குறைகள் ஏராளம். தண்ணீரில் கரையாது. பாட்டிலைக் குலுக்கிக் குலுக்கி விட வேண்டிய வெள்ளைக் கலங்கல் அது. கண்ணோரத்தில் படிந்து நிற்கும். கருவிழியின் ஆழத்துக்கு ஊடுருவுவதும் குறைவு. ஆகவே 2002இல் ஃபைசர் நிறுவனத்தின் வோரிகோனசோலுக்கு அனுமதி கிடைத்தபோது கண் மருத்துவர்களின் கண் அதன் மேல் விழுந்ததில் வியப்பில்லை. இரத்தத்திலும் நுரையீரலிலும் பரவும் கொடிய பூஞ்சைத் தொற்றுக்காக வந்த மருந்து அது. மாத்திரையாகவும் ஊசியாகவும்தான் வந்தது. கண்ணுக்கென்று யாரும் அனுமதிக்கவில்லை. இருந்தாலும் ஊசி மருந்துப் பொடியைக் கரைத்துச் சொட்டு மருந்தாக மருத்துவமனைகளே தயாரித்துக்கொண்டன. தெளிந்த திரவம். கருவிழியைத் தாண்டி உள்ளே செல்லும். சோதனைக் குழாயில் ஏராளமான பூஞ்சைகளை அடக்கியது. விலையும் அதிகம். இதற்குமேல் ஒரு மருந்துக்குப் பெயர் கிடைக்க என்ன வேண்டும்? தேறிய நோயாளிகளைப் பற்றிய ஒற்றைக் குறிப்புகள் மருத்துவ இதழ்களில் வரத் தொடங்கின. தேறாதவர்களைப் பற்றி யாரும் அவ்வளவு ஆர்வமாக எழுதுவதில்லை.

எது மேல் என்று கேட்டுப் பார்க்க, இரண்டு மருந்தையும் ஒரே மாதிரி நோயாளிகளுக்குக் குலுக்கல் முறையில் பிரித்துக் கொடுக்க வேண்டும். அதற்குப் பூஞ்சைப் புண்ணோடு நூற்றுக்கணக்கானோர் தேவை. லண்டனிலோ நியூயார்க்கிலோ அத்தனை பேரைத் திரட்டப் பல ஆண்டுகள் ஆகும். அரவிந்தில் அவர்கள் புறநோயாளி வரிசையிலேயே இருந்தார்கள். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் அண்ணா நகரில் 11 படுக்கைகளோடு தொடங்கிய மருத்துவமனை அதற்குள் பல ஊர்களில் கிளை விட்டிருந்தது. டாக்டர் என். வெங்கடேஷ் பிரஜ்னாவின் தலைமையில், சான் ஃபிரான்சிஸ்கோவின் பிராக்டர் ஆய்வு மையத்தோடு சேர்ந்து, அமெரிக்க தேசியக் கண் நிறுவனத்தின் நிதியில் ‘மட்’ என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட பரிசோதனை 2010 ஏப்ரலில் தொடங்கியது. முன்னோட்டமாக 120 பேரிடம் நடந்த சிறிய ஆய்வில் இரண்டு மருந்துக்கும் வேறுபாடு சொல்லும்படி தெரியவில்லை. இந்த முறை 323 பேர். முதல் வாரம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒரு சொட்டு. அதன்பின் மூன்றாம் வாரம் முடியும்வரை இரண்டு மணிக்கு ஒன்று.

வென்றது பழைய கலங்கல். மூன்று மாதம் கழித்துப் பார்வையை அளந்தபோது, நாடமைசின் பெற்றவர்கள் பார்வைப் பலகையில் சராசரியாக ஏறக்குறைய இரண்டு வரி கூடுதலாகப் படித்தார்கள். கருவிழியில் ஓட்டை விழுவதும், அவசரமாகக் கருவிழி மாற்ற நேர்வதும் அவர்களிடம் கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்தது. ஃபியூசேரியம் தாக்கியவர்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் இடைவெளி நான்கு வரி. பிற பூஞ்சைகளில் இரண்டு மருந்தும் ஏறக்குறைய சமம். முடிவு இவ்வளவு வெளிப்படையாகத் தெரிந்ததால், பரிசோதனையைக் கண்காணித்த குழு வோரிகோனசோலை இனி யாருக்கும் கொடுக்க வேண்டாமென்று 2011 இறுதியோடு நிறுத்தச் சொன்னது. 2013இல் முடிவுகள் அச்சேறின.

ஏன் இப்படி? பூஞ்சையின் உறையில் எர்கோஸ்டெரால் என்றொரு கொழுப்புப் பொருள் உண்டு. மனித உயிரணுவில் அது கிடையாது, ஆகவே இரண்டு மருந்துக்கும் குறி அதுதான். அதைச் செங்கல் என்று வைத்துக்கொண்டால், வோரிகோனசோல் செங்கல் சூளையை நிறுத்துகிறது, நாடமைசின் கட்டி நிற்கும் சுவரிலேயே போய் ஒட்டிக்கொள்கிறது. சூளையை நிறுத்தினாலும் வேறு வழியில் சமாளித்துக்கொள்ளும் பூஞ்சைகள் உண்டு. ஃபியூசேரியம் அப்படிப்பட்ட முரட்டு ரகம், வோரிகோனசோல் போன்ற அசோல் வகை மருந்துகளுக்கு எளிதில் மசியாது. ஆழமாக ஊடுருவும் தகுதி வோரிகோனசோலுக்கு இருந்தது. ஊடுருவிய இடத்தில் இருந்த எதிரிக்கு அது சரியான ஆயுதமில்லை. ஃபியூசேரியம் அரிதாக இருக்கும் குளிர் நாடொன்றில் இதே பரிசோதனை நடந்திருந்தால் முடிவு ‘இரண்டும் ஒன்றுதான்’ என்று வந்திருக்கக்கூடும், மதுரைக்காரர்களுக்கு அதனால் பயனிருந்திருக்காது.

அடுத்தடுத்து வந்த புதுமைகளுக்கும் இதே கதிதான். முற்றிய புண்களுக்குச் சொட்டு மருந்தோடு வோரிகோனசோல் மாத்திரையும் சேர்த்துக் கொடுத்து 240 பேரிடம் இந்தியாவிலும் நேபாளத்திலும் பார்த்தார்கள். ஓட்டை விழுவது குறையவில்லை, பக்கவிளைவு மட்டும் கூடியது. கருவிழியைப் புறஊதாக் கதிரால் இறுக்கும் ‘கிராஸ்லிங்கிங்’ சிகிச்சையை அரவிந்தில் 111 பேரிடம் சோதித்து 2020இல் வெளியிட்டார்கள். பலனில்லை என்பதோடு பார்வை சற்றுக் குறையவும் கூடும் என்று தெரிந்தது. மலிவான குளோர்ஹெக்சிடினாவது நாடமைசினுக்கு ஈடாகுமா என்று நேபாளத்தின் லகானில் 354 பேரிடம் பார்த்தபோதும் நாடமைசினே முந்தியது. ‘பலன் தரவில்லை’ என்று முடியும் ஆய்வுகளைச் செய்தித்தாள்கள் தலைப்புச் செய்தியாக்குவதில்லை. ஆனால் கூலி வேலைக்காரர் ஒருவர் வாங்கத் தேவையில்லாத மருந்துகளின் பட்டியலைத் தந்தவை இவைதான். உலக சுகாதார நிறுவனம் 2017இல் நாடமைசினை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

மதுரையின் பெயர் ஏற்கெனவே ஒரு நோயோடு ஒட்டிக்கொண்டிருப்பதையும் இங்கே சொல்லிவிடலாம். 1840களில் இங்கிருந்த ஆங்கிலேய மருத்துவர்கள் எழுதிவைத்த ‘மதுரைக் கால்’, இன்று மைசெட்டோமா. அதுவும் முள் குத்தி நுழைவது, கால் வீங்கி, துளைகள் விழுந்து, குருணை குருணையாகச் சீழ் வடியும். இப்போது அதன் சுமை அதிகம் தெரிவது சூடானில். வாரம் ஒருமுறை விழுங்கினால் போதும் என்ற ஃபாஸ்ராவுகோனசோல் மாத்திரையை, தினமும் விழுங்க வேண்டிய பழைய இட்ராகோனசோலோடு கார்த்தூமில் 104 பேரிடம் ஒப்பிட்டார்கள். 2024இல் வெளியான முடிவின்படி புதியது பழையதை விஞ்சவில்லை. இருந்தும் இதைத் தோல்வி என்று தள்ளிவிட முடியாது. ஓராண்டு முழுக்கத் தினமும் மாத்திரை விழுங்குவதற்கும் வாரம் ஒருமுறை விழுங்குவதற்கும் உள்ள வித்தியாசம் நோயாளிக்குத்தான் தெரியும்.

கண்ணுக்குத் திரும்பினால், புண் வந்தபின் குணப்படுத்துவதைவிட வராமல் தடுப்பது மேல் என்பதை மதுரை மருத்துவர்கள் எப்போதோ யோசித்திருக்கிறார்கள். மாவட்டத்தின் இரண்டு பஞ்சாயத்துகளில், சுமார் 48,000 மக்களிடையே, கிராமத் தொண்டர்களுக்குக் கருவிழிக் கீறலைக் கண்டுபிடிக்கப் பயிற்சி கொடுத்தார்கள். கீறல் பட்டவர்களுக்கு மூன்று நாள், நாளுக்கு மூன்று வேளை களிம்பு. ஒரு பிரிவுக்கு பாக்டீரியா மருந்தோடு பூஞ்சை மருந்தும், மறு பிரிவுக்கு பாக்டீரியா மருந்தோடு வெறும் களிம்பும். 374 கீறல்களில் 368 சிக்கலில்லாமல் ஆறின. வேடிக்கை என்னவென்றால், பூஞ்சை மருந்தில்லாத பிரிவும் கிட்டத்தட்ட அதே அளவு தப்பியது. 2006இல் வெளியான இந்த ஆய்வு பெரிய நம்பிக்கையைக் கொடுத்தது.

ஆனால் அதில் களிம்பே பூசாத ஒரு கூட்டம் ஒப்பீட்டுக்கு இல்லை. பெரும்பாலான கீறல்கள் தானாகவே ஆறிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. நேபாளத்தில் 24 பகுதிகளைக் குலுக்கிப் பிரித்து, பாதியில் தொண்டர்களை நிறுத்தி, மீதியை அப்படியே விட்டு, மூன்றாண்டு கவனித்தார்கள். 2022இல் வந்த முடிவு: தொண்டர்கள் இருந்த பகுதியிலும் இல்லாத பகுதியிலும் புண்களின் எண்ணிக்கை ஒன்றேதான். களிம்பைக் குறை சொல்வதைவிட, அறுவடை நாளில் சுணை பட்ட கண்ணோடு எத்தனை பேர் கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டு அதே நாளில் தொண்டரைத் தேடிப் போவார்கள் என்று கேட்பது பொருத்தமாக இருக்கும்.

எனவே வாடிப்பட்டியிலோ மேலூரிலோ கண் சிவந்த ஒருவருக்கு இன்றைக்குப் பயன்படும் விஷயங்கள் சிலதான். புண்ணைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சையின் இழைகள் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். செலவு மிகக் குறைவு, மாவட்டத் தலைநகரம் வரை போகத் தேவையில்லாமல் செய்யக்கூடியது. அதற்கு முன் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து ஆபத்து. சிவப்பும் வலியும் ஓரிரு நாளில் அடங்கும், அடியில் பூஞ்சைக்கு எதிர்ப்பே இல்லாமல் போகும். பூஞ்சை என்று உறுதியானால் நாடமைசினைத் தொடங்கிவிடலாம், ஆனால் அது மேலோட்டமான புண்ணில்தான் நன்றாக வேலை செய்யும். ஆழ்ந்துவிட்டால் பல சமயம் கருவிழி மாற்றுதான் வழி, அதற்குத் தானமாக வந்த கண் கிடைக்க வேண்டும். மணிக்கொரு சொட்டு விடும் முதல் வாரத்தில் நோயாளி வேலைக்குப் போக முடியாது, பக்கத்தில் இன்னொருவரும் இருந்தாக வேண்டும். நெல்லறுப்புக் கூலி கிடைக்கும் சில வாரங்களில் ஒரு வீட்டில் இரண்டு பேர் சும்மா இருப்பதற்கு ஆகும் செலவை எந்தப் பரிசோதனையும் இதுவரை மருந்தின் விலையோடு சேர்த்து எழுதியதாகத் தெரியவில்லை.