மடிக்கணினிக்கு ஒரு பெரிய திரை

மடிக்கணினியின் சிறு திரையில் உள்ளதை வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியில் காண்பது எப்படி என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். இது இளைஞர்களுக்கு உரிய வேலை, நமக்கு எதற்கு என்று எண்ணும் பெரியவர்கள் பலர் உளர். வகுப்பறையின் கடைசி வரிசையில் அமர்ந்து கரும்பலகையைக் கண் சுருக்கிப் பார்க்கும் பிள்ளைகளோடு முப்பது ஆண்டுகளுக்கு மேல் பழகிய எனக்கோ, எழுத்துப் பெரிதாகத் தெரிவது ஒரு சிறிய செய்தியாகத் தோன்றவில்லை.

முதலில் கம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இன்றைய தொலைக்காட்சித் திரை பலவற்றில் குறுக்கே 1920 புள்ளிகளும், மேலிருந்து கீழாக 1080 புள்ளிகளும் உள்ளன. பெருக்கிப் பார்த்தால் 20 இலட்சத்து 73 ஆயிரத்து 600 வரும். படம் விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுவதால், ஒரு விநாடியில் 12 கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளின் நிறத்தைக் கணினி சொல்லியாக வேண்டும். இத்தனையையும் தாங்கிச் செல்வது விரல் பருமன்கூட இல்லாத ஒரு கம்பி!

1987-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் கொணர்ந்த வி.ஜி.ஏ. என்னும் முறையில், மூன்று வரிசையாக 15 துளைகள் கொண்ட செருகுவாய் இருந்தது. பழைய கணினிகளில் இரு புறமும் திருகாணி வைத்து முடுக்கும் நீலநிறச் செருகி அதுதான். அது படத்தை மட்டுமே கொண்டு செல்லும். ஒலிக்கு வேறு கம்பி வேண்டும். இன்று பெரும்பாலும் வழங்குவது எச்.டி.எம்.ஐ. இதன் முதல் வரையறை 2002-இல் வெளிவந்தது. 19 முனைகள் கொண்ட இதில் படமும் ஒலியும் ஒரே கம்பியில் எண்களாகச் செல்கின்றன. மெல்லிய புதுக் கணினிகளில் இவ்விரண்டுமின்றி, நீள்வட்டமான யு.எஸ்.பி. சி செருகுவாய் மட்டும் இருக்கும். இங்கே ஓர் எச்சரிக்கை. வடிவம் ஒன்றாயிருப்பினும், எல்லாச் சி வாய்களும் படத்தை வெளியே அனுப்புவதில்லை. சில மின்னேற்றத்திற்கும் கோப்புகளை மாற்றுவதற்கும் மட்டுமே பயன்படும். எனவே கணினியோடு வந்த கையேட்டைப் பார்த்த பின்னரே இணைப்பியை வாங்குங்கள். அவ்வாறே, பழைய வி.ஜி.ஏ. கணினியைப் புதிய தொலைக்காட்சியோடு சேர்க்க வெறுங்கம்பி போதாது. அலையாக வருவதை எண்ணாக மாற்றும் சிறு கருவி ஒன்று இடையே வேண்டும்.

கம்பியைச் செருகியவுடன் நடப்பது சுவையான செய்தி. படத்தைப் பற்றிய பேச்சே எழுமுன், தொலைக்காட்சி தன்னைப் பற்றிய ஒரு குறிப்பைக் கணினிக்குக் கொடுக்கிறது. என்னிடம் இத்தனை புள்ளிகள் உள்ளன, விநாடிக்கு இத்தனை முறை புதுப்பிப்பேன், ஒலியும் உண்டு என்னும் விவரங்கள் அக்குறிப்பில் அடங்கும். அதைப் படித்த பின்பே கணினி தன் படத்தை அதற்கேற்ப அமைக்கிறது. புதிய மாணவன் மாற்றுச் சான்றிதழோடு வந்து நிற்பது போன்றதுதான். கம்பி பழுதுபட்டு அச்சான்றிதழ் வந்து சேராவிடில், படம் தெளிவின்றி இருக்கும். அல்லது வாராமலே போகும். கம்பியை மாற்றிப் பார்க்காமல் கணினியைப் பழிப்பது முறையன்று.

இனிச் செய்முறை. கம்பியைச் செருகிய பின், தொலைக்காட்சியின் கைக்கருவியில் 'சோர்ஸ்' அல்லது 'இன்புட்' என்னும் பொத்தானை அழுத்தி, எந்தத் துளையில் செருகினோமோ அதன் எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும். படம் வரவில்லை என்பாரிற் பெரும்பாலோர் இப்படியைத் தாண்டாதவரே. பின்னர், விண்டோஸ் கணினியாயின், விண்டோஸ் விசையை அழுத்திக்கொண்டே பி எழுத்தைத் தட்டினால் நான்கு வழிகள் தோன்றும். கணினித் திரை மட்டும், இரண்டிலும் ஒரே படம், இரண்டையும் ஒரே நீண்ட திரையாக நீட்டுதல், தொலைக்காட்சி மட்டும் என்பன அவை. ஒரே படத்தை இரண்டிலும் காட்டும்போது, 1366 புள்ளி அகலமுள்ள சிறு திரைக்கும் 1920 புள்ளி அகலமுள்ள பெருந்திரைக்கும் பொதுவானதோர் அளவைக் கணினி தேடுவதால், ஏதேனும் ஒன்றில் எழுத்து மங்கும். நீட்டும் வழியில் இக்குறை இல்லை. ஆசிரியர்க்கு உகந்ததும் அதுவே என்பேன். வினா மாணவர் பார்க்கும் பெருந்திரையிலும், விடை ஆசிரியரின் சிறு திரையிலும் இருக்கலாம் அன்றோ!

படம் வந்தும் ஒலி கணினியிலேயே கேட்குமாயின், திரையின் கீழ்மூலையில் உள்ள ஒலிபெருக்கிக் குறியைத் தட்டித் தொலைக்காட்சியைத் தேர்ந்தெடுத்தால் போதும். படத்தின் ஓரங்கள் வெட்டுண்டு தோன்றினால் அது நோயன்று, பழைய வழக்கம். படக்குழாய்க் காலத்தில் ஓரங்கள் ஒழுங்காக அமையாமையால், படத்தைச் சற்றே பெரிதாக்கி ஓரத்தை மறைத்தனர். அப்பழக்கம் தட்டைத் திரைக்கும் தொடர்ந்துவிட்டது. படத்தின் அளவை மாற்றும் பட்டியலில் 'ஜஸ்ட் ஸ்கேன்', 'ஸ்கிரீன் ஃபிட்' போன்ற பெயரில் இதற்கு மாற்று உண்டு. கம்பியின்றி இணைக்கும் வழிகளும் உள. அவை வசதியானவையே, ஆயினும் நான் கம்பியின் பக்கமே நிற்பவன்.

இக்கம்பியின் பயனை நான் நன்குணர்ந்தது எங்கள் தெருவில் ஒரு தையற்காரர் வீட்டில். தமிழ்நாட்டு அரசு 2011-இல் தொடங்கிய திட்டத்தின்படி அவர் மகளுக்குப் பள்ளியில் ஒரு மடிக்கணினி கிடைத்திருந்தது. கல்லூரி இறுதியாண்டுத் திட்டக் கட்டுரையை ஒப்படைக்க இரண்டு நாள் இருக்கையில் அதன் திரை இருண்டுவிட்டது. திரையை மாற்றக் கடைக்காரர் கேட்ட தொகை அக்குடும்பத்தின் ஒரு மாத வாடகைக்கு மேல். அரும்பாடுபட்டு எழுதிய நாற்பது பக்கமும் அதற்குள்ளேயே இருந்தன. அப்பெண் அழவுமில்லை, பேசவுமில்லை.

நான் விளக்கை அணைக்கச் சொல்லி, கைவிளக்கின் ஒளியை அவ்விருண்ட திரைமேல் சாய்வாகப் பாய்ச்சினேன். நிழல்போல எழுத்துகள் தெரிந்தன. திரைக்குப் பின்னிருந்து ஒளி தரும் விளக்குத்தான் போயிற்று. கணினியின் மூளை நலமாகவே இருந்தது. தொலைக்காட்சிக்கு வரும் கேபிள் கம்பியை முதலில் கழற்றினோம். நில இணைப்புச் சரியில்லாத வீடுகளில், அக்கம்பி வழியாகவும் கணினியின் மின்னேற்றி வழியாகவும் வரும் மின்கசிவு இணைப்புத் துளையைக் கருக்கிவிடக்கூடும். இரண்டையும் அணைத்து, எச்.டி.எம்.ஐ. கம்பியைச் செருகி, மீண்டும் உயிர்ப்பித்தோம். கணினி தொடங்கும் வரை காத்திருந்து, அப்பெண் விண்டோஸ் விசையையும் பி எழுத்தையும் தட்டினாள். சுவரிலிருந்த பெட்டியில் அவளுடைய கட்டுரையின் கோப்பு தென்பட்டது. "தாத்தா, எல்லாம் அப்படியே இருக்கு!" என்றாள். அவள் தந்தையோ தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் தலைப்பை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

அன்றிரவு தட்டும் எழுத்து ஒரு நொடி பின்தங்கியே திரையில் விழுவதாக அவள் குறைப்பட்டாள். தொலைக்காட்சி படத்தை அழகுபடுத்த எடுக்கும் நேரம் அது. பட அமைப்பில் 'கேம்' என்னும் முறையைத் தேர்ந்தவுடன் அத்தாமதம் நீங்கிற்று. மறுநாள் மாலைக்குள் கட்டுரை கல்லூரியைச் சேர்ந்தது. திரையை மாற்றாமலே அக்கணினி இன்றும் அவ்வீட்டில் தொலைக்காட்சியின் துணையோடு நடக்கிறது.

2006 முதல் அரசு வழங்கிய 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சியை இன்னும் வைத்திருப்போர் இதைக் கேட்டு முயல விரும்பலாம். அதில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு நிறத் துளைகளே உண்டு. மாற்றுக் கருவி ஒன்று வாங்கினால் திரைப்படம் பார்க்கலாம், பாட்டுக் கேட்கலாம். ஆயின் 576 கோடுகளே காட்டும் அப்பெட்டியில் கட்டுரை எழுத முயல வேண்டா. கண்தான் கெடும்.